பயாப்ஸியில் கிரிப்ட் முழுக்க நியூட்ரோஃபில், ஃப்ளோவில் ஒன்றுகூட இல்லை: எங்கே போகிறது?

ஜெயநகர்_தேன்மொழி | செவ்வாய், இரவு 9:10

எல்லாருக்கும் வணக்கம். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (யூசி, பெருங்குடலின் உள்சுவர் புண்ணாகும் நாட்பட்ட அழற்சி) பயாப்ஸியிலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து ஃப்ளோ சைட்டோமீட்டரில் (சாயமேற்றிய செல்களை ஒளியில் ஒவ்வொன்றாக எண்ணும் கருவி) எண்ணுகிறோம். கணக்கு இடிக்கிறது. நோயியல் அறிக்கையில் நான்சி கிரேடு (திசு அழற்சியின் கடுமையை 0 முதல் 4 வரை அளப்பது) 3, கிரிப்ட் சீழ்க்கட்டிகள் (குடல் சுவரின் குழிகளான கிரிப்டுகளில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் குவிவது) உண்டு என்று தெளிவாக இருக்கிறது. அதே நாள், அதே இடத்தில் எடுத்த துண்டில் எங்களுக்குக் கிடைப்பது டி செல், கொஞ்சம் பி செல், அவ்வளவுதான். நியூட்ரோஃபில் கூட்டம் என்று காட்ட எதுவுமே இல்லை.

செய்முறை: 6 துண்டுகள் குளிர்ந்த ஆர்பிஎம்ஐ என்ற செல் ஊடகத்தில், கோரமங்களா பக்கமிருந்து பல்லாரி சாலைக்கு பைக்கில் வரும். சாதாரண நாளிலேயே ஒன்றரை மணி நேரம் ஆகிறது. சளியைக் கரைக்க 1 மில்லிமோலார் டிடிடி 10 நிமிடம். 5 மில்லிமோலார் இடிடிஏ, 37 டிகிரி, 20 நிமிடம், இரண்டு முறை, மேல்நீரைக் கொட்டிவிடுகிறோம். திசுவைக் கரைக்கும் என்சைம் கொலாஜினேஸ் மில்லிக்கு 1 மி.கி., டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் மில்லிக்கு 0.1 மி.கி., 60 நிமிடம். 70 மைக்ரான் வடிகட்டி, ஃபைக்கால் (அடர்த்தியால் செல்களைப் பிரிக்கும் கரைசல்), பிறகு 10% டிஎம்எஸ்ஓ என்ற உறைவுக் காப்புத் திரவத்தில் உறைய வைத்து, ஐந்து மாதிரி சேர்ந்ததும் ஒன்றாக ஓட்டுகிறோம். சாயங்கள்: உயிர்-சாவு சாயம், பிறகு செல் வகையைக் காட்டும் மேற்பரப்புப் புரதங்களான சிடி45, சிடி3, சிடி4, சிடி8, சிடி19, சிடி14, சிடி16.

டி செல்தான் நோயை ஓட்டுகிறது என்று இந்தத் தரவை வைத்து எழுதலாமா? வழிகாட்டி எழுதலாம் என்கிறார். எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

ஃப்ளோ_சரவணன் | செவ்வாய், இரவு 10:02

தயங்கினது சரிம்மா, எழுதாதீங்க. நியூட்ரோஃபில் துண்டுல இருந்திருக்கு. உங்க செய்முறையில அஞ்சு இடத்துல கைநழுவுது.

முதல் இடம் இடிடிஏ. யாரும் சந்தேகப்படாத இடமும் அதுதான். இடிடிஏ எதுக்கு? எபிதீலியத்தை, அதாவது குடலோட உள்பக்கத்தை மூடியிருக்கிற செல் அடுக்கை, உரிச்சு எடுக்க. கிரிப்ட் சீழ்க்கட்டின்னா நியூட்ரோஃபில் இருக்கிறது கிரிப்டோட குழிக்குள்ள. கிரிப்டைட்டிஸ்னா எபிதீலிய செல்களுக்கு நடுவுல. ரெண்டுமே லாமினா ப்ராப்ரியா (எபிதீலியத்துக்குக் கீழ உள்ள திசு) இல்லை. எபிதீலியம் உரியும்போது அதுங்களும் கூடவே வந்துடும். அந்த மேல்நீரைத்தான் நீங்க கொட்டுறீங்க. இனிமே 10% சீரம் கலந்த குளிர்ந்த ஊடகத்துல பிடிங்க, சென்ட்ரிஃப்யூஜ்ல 400 ஜி-யில 5 நிமிஷம் சுத்துங்க, தனிக் குழாயா சாயமேத்துங்க. டிடிடி கழுவின நீரையும் விடாதீங்க, சளியோட ஒட்டினது அதுல இருக்கும்.

ரெண்டாவது ஃபைக்கால். அடர்த்தி 1.077. நியூட்ரோஃபில் அதைவிடக் கனம், சிவப்பணுவோட அடியில போய் உட்காரும். இடைப்படலத்தை மட்டும் எடுத்தா கிடைக்காது. ஆறு துண்டுக்கு ஃபைக்காலே வேண்டாம், அதுல போற செல்லுதான் அதிகம். வண்டல் சிவப்பா இருந்தா அமோனியம் குளோரைடு, அறை வெப்பத்துல 2 அல்லது 3 நிமிஷம், உடனே நிறைய குளிர் பஃபர். அதுக்கு மேல விட்டா வெள்ளணுவும் வீங்கிச் சாகும்.

மூணாவது உறைநிலை. லிம்ஃபோசைட் தாங்கும். நியூட்ரோஃபில், ஈசினோஃபில் ரெண்டும் டிஎம்எஸ்ஓ உறைவுல தேறாது. அன்னிக்கே ஓட்டணும். முடியலைன்னா சாயமேத்தி, ஃபிக்ஸ் பண்ணி (செல்லைக் கெடாம நிலைப்படுத்தி), மறுநாள் ஓட்டுங்க. அப்படி செய்யும்போது ஃபிக்ஸுக்குத் தாங்குற உயிர்-சாவு சாயம் வேணும்.

நாலாவது நேரம். ஒன்றரை மணி பைக்கு, அப்புறம் 37 டிகிரியில மொத்தம் 100 நிமிஷம். இவ்வளவு நேரம் சூட்டுல இருந்தா நியூட்ரோஃபில் கிளர்ந்து, மேற்பரப்புப் புரதத்தை உதிர்த்து, செத்துடும். கொலாஜினேஸை 30 நிமிஷத்துக்குக் கொண்டு வாங்க.

இங்க ஒரு சங்கிலி இருக்கு. கொலாஜினேஸுக்கு கால்சியம் வேணும். டிஎன்ஏஸுக்கு மக்னீசியமும் கால்சியமும் வேணும். இடிடிஏ மிச்சம் இருந்தா ரெண்டையும் பிடிச்சு வச்சுக்கும். திசு கரையாது. கரையலையேன்னு 30 நிமிஷத்தை 60 ஆக்குவோம். அதுல செல் சாகும், செத்த செல்லோட டிஎன்ஏ வெளிய வரும். குழாயை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, கண்ணாடி நூல் மாதிரி வழவழன்னு ஒண்ணு தொங்கும். நிறைய பேர் அதைச் சளின்னு நினைச்சு வடிகட்டியில விட்டுடுறாங்க. அது டிஎன்ஏ. உயிரோட இருக்கிற செல்லும் அதுல ஒட்டிக்கிட்டு வடிகட்டியிலேயே நின்னுடும். அதனால இடிடிஏவுக்கு அப்புறம் கால்சியமும் மக்னீசியமும் உள்ள ஊடகத்துல ரெண்டு தடவை கழுவிட்டுத்தான் என்சைம் ஊத்தணும். உங்க செய்முறையில அந்தக் கழுவலே இல்லை.

அஞ்சாவது, சிடி16. நாளைக்கு விரிவா எழுதுறேன்.

ஸ்லைடு_மங்கை | புதன், காலை 7:25

சரவணன் சொன்னதோடு நோயியல் பக்கத்திலிருந்து ஒன்று. “அதே இடத்தில் எடுத்த துண்டு” என்பதை அப்படியே நம்ப வேண்டாம். புண்ணின் விளிம்பில் எடுத்த துண்டுக்கும் அரை சென்டிமீட்டர் தள்ளி எடுத்ததுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் வரும். முதல் பாதி உங்களுக்கு, அடுத்த பாதி எங்களுக்கு என்று பிரிக்காமல், 1, 3, 5 என்று ஒற்றை எண் துண்டுகள் ஆய்வகத்துக்கு, 2, 4, 6 என்று இரட்டை எண் துண்டுகள் ஃபார்மலினுக்கு என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். எண்டோஸ்கோபி அறை நர்ஸிடம் முதலிலேயே இரண்டு குப்பிகளுக்கும் எண் ஒட்டிக் கொடுத்துவிட்டால் குழப்பம் வராது.

ஃபார்மலினுக்குப் போகும் துண்டை வடிதாளின் மேல் சளிப்பக்கம் மேலே இருக்கும்படி பரப்பி, பிறகு அமிழ்த்த வேண்டும். சுருண்ட துண்டில் கிரிப்ட் குறுக்குவாட்டில் வெட்டுப்படும். அடிப்பகுதி எது, மேல்பகுதி எது என்றே தெரியாது. யூசியில் முக்கியமான தடயம் ஒன்று அடிப்பகுதியில்தான் இருக்கிறது: கிரிப்டின் பாதத்துக்கும் மஸ்குலாரிஸ் மியூகோசாவுக்கும் (அதன் கீழுள்ள மெல்லிய தசை அடுக்கு) நடுவில் எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் அடர்ந்து நிற்பது. நியூட்ரோஃபில் எல்லாம் மறைந்த பிறகும் இது மிஞ்சியிருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

அந்த பிளாஸ்மா செல்லும் உங்கள் தரவில் காணாமல் போயிருக்கும், தேன்மொழி. அவற்றில் சிடி45 மங்கலாக இருக்கும். சிடி45 பளிச்சென்று இருப்பதை மட்டும் கேட் போட்டால் (தேர்ந்தெடுத்து எண்ணினால்) அவை வெளியே நிற்கும். பலவற்றில் சிடி19-உம் இருக்காது. சிடி38 மிக அதிகம், சிடி27 உண்டு என்று தேடுங்கள். குடலில் இயல்பாக ஐஜிஏ வகை எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்தான் பெரும்பான்மை. யூசியில் ஐஜிஜி வகையின் பக்கம் சாயும். ஐஜிஜி பூசிய பாக்டீரியா, கிருமி விழுங்கும் செல்லான மேக்ரோஃபேஜின் எஃப்சி ஏற்பியைத் (ஐஜிஜியைப் பிடிக்கும் ஏற்பி) தட்டி எழுப்பும், அந்த செல் ஐஎல்-1 பீட்டா என்ற அழற்சிச் சைகைப் புரதத்தைக் கக்கும். டி செல்லை மட்டும் பார்த்தால் இந்தப் பாதை முழுசும் தப்பிவிடும்.

ஃப்ளோ எண்ணுக்குத் துணையாக, 4 மைக்ரான் வெட்டில் மைலோபெராக்சிடேஸ் (நியூட்ரோஃபிலில் நிறைய உள்ள என்சைம்) சாயம் ஏற்றி நியூட்ரோஃபிலை எண்ணிக்கொள்ளுங்கள். எபிதீலியத்தில் எத்தனை, குழிக்குள் எத்தனை, லாமினா ப்ராப்ரியாவில் எத்தனை என்று தனித்தனியாக எண்ண வேண்டும். குழாயில் எது தொலைந்தது என்பதை அந்த மூன்று எண்ணும் காட்டிக்கொடுக்கும்.

பிரேசர்டவுன்_ஜமால் | புதன், காலை 11:40

மேடம், சரவணன் அண்ணா, தொழில்நுட்பப் பிழையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேன்மொழியின் வழிகாட்டி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நியூட்ரோஃபில் அழைத்தால் வருகிற செல். யார் அழைக்கிறார்கள் என்பதுதானே நோயின் வேர்? குடல் அழற்சியோடு தொடர்புள்ள ஐஎல்23ஆர் (ஐஎல்-23 ஏற்பி) மரபணு மாறுபாடு 2006-இல் வெளிவந்தது. அதே பாதையை அடைக்கும் உஸ்டெகினுமாப் மருந்து 2016-இல் க்ரோன்ஸுக்கு (குடலின் எந்தப் பகுதியிலும் வரக்கூடிய இன்னொரு நாட்பட்ட அழற்சி), 2019-இல் யூசிக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மேக்ரோஃபேஜும் டென்ட்ரிட்டிக் செல்லும் ஐஎல்-23 கொடுக்கின்றன, டிஎச்17 என்ற வகை டி செல் விழிக்கிறது, ஐஎல்-17 சுரக்கிறது, எபிதீலியமும் ஃபைப்ரோபிளாஸ்ட்டும் ஐஎல்-8 விடுகின்றன, நியூட்ரோஃபில் வந்து சேர்கிறது. கடைசிக் கண்ணியை எண்ணாவிட்டால் என்ன குறைந்துவிடும்?

டாக்டர்_கோதை | புதன், பிற்பகல் 3:15

ஜமால், நீங்கள் போட்ட கோடு ரொம்ப நேராக இருக்கிறது. குடல் அப்படி நேராக நடப்பதில்லை. மூன்று விஷயம் சொல்கிறேன்.

உங்கள் சங்கிலி சரியென்றால் ஐஎல்-17-ஐ நேரடியாக அடைக்கும் மருந்து இன்னும் நன்றாக வேலை செய்திருக்க வேண்டும். அப்படி அடைக்கும் செகுகினுமாபை க்ரோன்ஸில் கொடுத்துப் பார்த்த சோதனை 2012-இல் வெளியானது. பலன் இல்லை, சிலருக்கு மோசமானது, பூஞ்சைத் தொற்றும் கூடியது. ஏனென்றால் குடலில் ஐஎல்-17 எதிரி மட்டுமல்ல. எபிதீலிய செல்களுக்கு நடுவே உள்ள பூட்டை இறுக்கிப் பிடிப்பதிலும் கேண்டிடா என்ற பூஞ்சையைத் தடுப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஐஎல்-23 இல்லாமலேயே ஐஎல்-17 சுரக்கும் செல்களும் குடலில் இருக்கின்றன. ஐஎல்-23-ஐ அடைத்தால் அவை தப்பிக்கும். ஐஎல்-17-ஐ அடைத்தால் காவலும் சேர்ந்து போகும். சொரியாசிஸுக்கோ முதுகுத்தண்டு வாதத்துக்கோ ஐஎல்-17 ஊசி போடுகிறவருக்குப் புதிதாக வயிற்றுப்போக்கு வந்தால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று விடாமல் மலத்தில் கால்ப்ரொடெக்டின் (நியூட்ரோஃபிலிலிருந்து வரும் புரதம்) பாருங்கள் என்று தோல், மூட்டு மருத்துவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, நியூட்ரோஃபில் வெறுமனே வால்பிடித்து வருகிற செல் இல்லை. நாட்பட்ட கிரானுலோமா நோயில் நியூட்ரோஃபிலால் ஆக்சிஜன் மூலக்கூறை வைத்து பாக்டீரியாவைக் கொல்ல முடியாது. அந்தக் குழந்தைகளில் கணிசமானவர்களுக்கு க்ரோன்ஸ் போலவே குடல் அழற்சி வருகிறது. அதாவது அந்த செல் வேலை செய்யாவிட்டாலும் குடல் புண்ணாகிறது. வந்தபின் போகாமல் தங்கினாலும் புண்ணாகிறது. எண்ணிக்கை, இடம், செயல் மூன்றும் தெரியாமல் “கடைசிக் கண்ணி” என்று ஒதுக்குவது அவசரம்.

மூன்றாவது மேக்ரோஃபேஜ். அழற்சியை அடக்கும் ஐஎல்-10-க்கான ஏற்பி இல்லாமல் பிறக்கும் குழந்தைக்கு முதல் சில மாதங்களிலேயே கடும் கொலைட்டிஸும் ஆசனவாய்ப் புண்ணும் வரும். 2009-இல் விவரிக்கப்பட்டது. எலும்பு மஜ்ஜை மாற்றினால் குடல் ஆறுகிறது. எபிதீலியம் பழையதுதான், வெள்ளணு மட்டும் புதிது. இரத்தத்திலிருந்து வரும் மோனோசைட் குடலுக்குள் நுழைந்து, ஐஎல்-10 கேட்டு, சாதுவான மேக்ரோஃபேஜாக முதிர வேண்டும். அழற்சியில் அந்த முதிர்ச்சி பாதியில் நின்றுவிடும். சிடி14 பளிச்சென்று உள்ள, டிஎன்எஃப், ஐஎல்-23, ஐஎல்-1 பீட்டா ஆகிய அழற்சிப் புரதங்களைக் கக்குகிற செல் குவியும். தேன்மொழியின் சாயங்களில் சிடி14 இருக்கிறது. எச்எல்ஏ-டிஆர் என்ற மார்க்கரையும் சேர்த்தால் இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்கலாம். 6 வயதுக்குள் குடல் அழற்சி தொடங்கினால் மரபணுச் சோதனை இல்லாமல் மருந்தை மாற்றி மாற்றிப் போடக் கூடாது.

பிரேசர்டவுன்_ஜமால் | புதன், மாலை 6:05

செகுகினுமாப் வாதம் பலமானது, ஏற்கிறேன் டாக்டர். அப்படியானால் வெடோலிசுமாப் மருந்துக்கு என்ன விளக்கம்? அது டி செல்லைத்தானே தடுக்கிறது? அது வேலை செய்கிறதே.

டாக்டர்_கோதை | புதன், இரவு 9:30

வேலை செய்கிறது, மெதுவாக. ஆல்ஃபா4பீட்டா7 இன்டெக்ரின் என்ற ஒட்டும் புரதம் உள்ள லிம்ஃபோசைட் குடல் இரத்தக்குழாயின் மேட்கேம்-1 புரதத்தில் ஒட்டி உள்ளே நுழைவதை அது தடுக்கிறது. புதிதாக வருபவருக்குத்தான் கதவடைப்பு. ஏற்கெனவே குடியிருக்கும் நினைவு டி செல் (சிடி69, சிடி103 உள்ளவை) இரத்தத்துக்குத் திரும்புவதில்லை. கதவை மூடினால் அவை வெளியேறிவிடாது. அதனால்தான் 300 மி.கி. 0, 2, 6-ஆவது வாரங்களில் கொடுத்துவிட்டு, 14-ஆவது வாரம்வரை பொறுத்துப் பார்க்கிறோம். 6-ஆவது வாரத்தில் கேட்கவில்லை என்று நிறுத்துவது நடக்கிற தவறு. கடுமையாக இரத்தம் போகிறவருக்கு இதைத் தனியாக நம்பி உட்காருவதும் தவறு.

டிஎன்எஃப் மருந்துகளிலும் இதே பாடம் உண்டு. இன்ஃப்ளிக்ஸிமாப் கரைந்த டிஎன்எஃப்பையும் பிடிக்கும், செல் சவ்வில் ஒட்டியிருக்கும் டிஎன்எஃப்பையும் இறுகப் பிடித்து, குடல் டி செல் மடிய வழி செய்யும். எடனர்செப்ட்டும் டிஎன்எஃப்பை நடுநிலையாக்கும், மூட்டுவாதத்தில் பிரமாதம், க்ரோன்ஸில் பலிக்கவில்லை. ஒரு மூலக்கூறின் பெயரை வைத்து மருந்தை யோசித்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது. எந்த செல்லின் மேல், எந்த இடத்தில் என்று கேட்க வேண்டும்.

ஜெயநகர்_தேன்மொழி | வியாழன், காலை 8:50

எல்லாருக்கும் மிக்க நன்றி. இடிடிஏ மேல்நீர் விஷயத்தை நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை. இரண்டு கேள்வி. ஒன்று, கால்ப்ரொடெக்டின் எண்ணை நியூட்ரோஃபில் எண்ணிக்கைக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளலாமா? இரண்டு, எங்கள் பட்டியலில் க்ரோன்ஸ் என்று வந்த சிலருக்கு காசநோய் சந்தேகமும் எழுதியிருக்கிறது. அவர்களைச் சேர்க்கலாமா?

டாக்டர்_கோதை | வியாழன், மதியம் 1:20

கால்ப்ரொடெக்டின் துணைச் சான்று, மாற்று இல்லை. நியூட்ரோஃபிலின் சைட்டோசால் (செல்லுக்குள் உள்ள திரவம்) புரதத்தில் ஏறக்குறைய பாதி அதுதான். குழிக்குள் விழுந்து உடைந்த செல்லிலிருந்து மலத்துக்கு வருகிறது. கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குடல் அமைதி, 250-க்கு மேல் என்றால் அழற்சி செயலில் இருக்கிறது, நடுவில் உள்ளதை இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். குடல் தொற்றிலும், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை எடுத்தாலும் ஏறும். சிறுகுடலில் மட்டும் க்ரோன்ஸ் இருந்தால் குறைவாகவே காட்டலாம். காலையின் முதல் மலத்தில் எடுக்கச் சொல்லுங்கள். ஏப்ரல் வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் பாதி நாள் கிடந்த குப்பியின் எண்ணை நம்பாதீர்கள். கொலோனோஸ்கோபிக்குக் குடல் சுத்தம் செய்வதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு: சேர்க்கவே கூடாது. சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இலியோசீக்கல் பகுதியில் புண், கிரானுலோமா (வெள்ளணுக்கள் கூடிக் கட்டும் முடிச்சு), எடை குறைவு என்று இரண்டும் ஒரே முகம் காட்டும். நடுவில் செத்துப்போய்ப் பாலாடைக்கட்டி போல ஆன கிரானுலோமா, பெரிதாக, பலவாக, ஒன்றோடொன்று சேர்ந்து இருந்தால் காசநோய் பக்கம். சிறிதாக, தனியாக, ஒன்றிரண்டு இருந்தால் க்ரோன்ஸ் பக்கம். ஜீன்எக்ஸ்பர்ட் (காசநோய்க் கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் சோதனை) பாசிட்டிவ் வந்தால் உறுதி, வராவிட்டால் இல்லை என்று அர்த்தம் இல்லை, குடல் துண்டில் கிருமி மிகக் குறைவு. கல்ச்சருக்குத் தனித் துண்டு, ஃபார்மலினில் போடாமல், உப்புநீரில் போக வேண்டும். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டுப் பிறகு கல்ச்சர் கேட்பது அடிக்கடி நடக்கிறது. தீர்மானிக்க முடியாதவர்களுக்குக் காசநோய் மருந்து கொடுத்து 8 வாரத்தில் மறுபடி உள்ளே பார்ப்பார்கள். புண் ஆறியிருந்தால் காசநோய். அதற்குப் பிறகே உங்கள் பட்டியல்.

இது ஆய்வுச் சுத்தத்துக்காக மட்டும் சொல்வதில்லை. காசநோய்க் கிருமியைச் சுற்றி மேக்ரோஃபேஜ் கட்டும் சுவரை டிஎன்எஃப்தான் தாங்கிப் பிடிக்கிறது. க்ரோன்ஸ் என்று நினைத்து இன்ஃப்ளிக்ஸிமாப் போட்டால் சுவர் இடிந்து உடல் முழுக்கப் பரவும். அதனால் ஊசிக்கு முன் மார்புப் படம், இக்ரா (காசநோய்த் தொற்றைக் காட்டும் இரத்தச் சோதனை), டியூபர்குலின் (தோல் சோதனை) மூன்றும் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு ஓடும்போது இக்ரா பொய்யாக நெகட்டிவ் வரலாம், அல்லது தெளிவில்லாமல் வரும். முடிந்தால் ஸ்டீராய்டு தொடங்கும் முன்பே இரத்தம் எடுத்துவிடுங்கள். உறங்கும் தொற்று தெரிந்தால் அதற்கான மருந்து தொடங்கி ஒரு மாதமாவது கழிந்த பிறகே முதல் டோஸ்.

ஸ்லைடு_மங்கை | வியாழன், மாலை 4:45

தேன்மொழி, ஒவ்வொரு மாதிரிக்கும் அன்றைய மருந்தைக் குறித்துவையுங்கள். பிரெட்னிசோலோன் 40 மி.கி. ஓடுகிறவரின் இரத்தத்தில் நியூட்ரோஃபில் ஏறும், திசுவில் குறையும். குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்தவை விட்டு ஓட்டத்தில் கலப்பதுதான் காரணம். நோயெதிர்ப்பை அடக்கும் அசத்தியோப்ரின் எடுப்பவரில் எல்லா வெள்ளணுவும் குறையலாம். அந்த மருந்தைச் செரிக்கும் மரபணுக்களில், நம் ஆட்களில் டிபிஎம்டியைவிட என்யூடிடி15 மாறுபாடுதான் அதிகம் காரணமாகிறது. தொடங்கிய சில வாரங்களில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கழன்று வந்தால் அன்றே இரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும்.

ஃப்ளோ_சரவணன் | வியாழன், இரவு 10:30

சொன்ன அஞ்சாவது. கிளர்ந்த நியூட்ரோஃபில் சிடி16-ஐ உதிர்த்துடும். திசுவுக்குள்ள வந்தது பெரும்பாலும் கிளர்ந்ததுதான். சிடி16 வச்சு மட்டும் தேடினா, உயிரோட இருக்கிறதும் கண்ணுல படாது. சிடி66பி, சிடி15 சேருங்க. ஆனா ஈசினோஃபில்லயும் சிடி66பி உண்டு, குடல்ல அது நிறைய இருக்கும். ஈசினோஃபில்ல இருக்கிற சிக்லெக்-8 மார்க்கரைப் போட்டுப் பிரிங்க. அதுக்கு இடமில்லைன்னா ஈசினோஃபிலோட தன்னொளிர்வு அதிகம், சாயமில்லாத வழியில பார்த்தா தனியா நிக்கும். பக்கச் சிதறல் (செல்லுக்குள்ள எவ்வளவு துகள்னு காட்டுற ஒளிச் சிதறல்) அச்சை லிம்ஃபோசைட்டுக்கு ஏத்த மாதிரி வச்சிருப்பீங்க. வோல்டேஜைக் குறைச்சு, மேல முட்டி நிக்கிற செல்லைப் படத்துக்குள்ள கொண்டு வாங்க. நிறைய பேருக்கு நியூட்ரோஃபில் அந்த மேல் விளிம்புலதான் ஒட்டிக்கிட்டுக் கிடக்கு.

ஒற்றை செல் ஆர்என்ஏ பண்றதா இருந்தா அங்கேயும் இதே சிக்கல். நியூட்ரோஃபில்ல ஆர்என்ஏ கம்மி, அதை வெட்டுற என்சைம் ஜாஸ்தி. குறைஞ்சது 500 மரபணுன்னு வடிகட்டினா மொத்தக் கூட்டமும் போயிடும். வடிகட்டுறதுக்கு முன்னாடி நியூட்ரோஃபிலைக் காட்டுற மரபணுக்களான சிஎக்ஸ்சிஆர்2, எஃப்சிஜிஆர்3பி இருக்கான்னு பார்த்துட்டு எல்லையை வைங்க.

கடைசியா ஒரு கன்ட்ரோல், இதை மட்டும் விடாதீங்க. நலமா இருக்கிறவரோட இரத்தம் 2 மில்லி, சிவப்பணுவை உடைச்சு வெள்ளணுவை எடுத்து நாலு குழாய். ஒண்ணு ஐஸ்ல. ஒண்ணு இடிடிஏ மட்டும். ஒண்ணு கொலாஜினேஸ் மட்டும். ஒண்ணு முழுச் செய்முறை, பைக்கில வர நேரமும் சேர்த்து. நாலுலயும் எண்ணிக்கை மணியை (அளவு தெரிஞ்ச ஒளிரும் நுண்மணிகள்) சம அளவு போட்டு, ஒரே சாயக் கலவை. ஐஸ் குழாயோட ஒப்பிட்டா எந்தப் படியில எந்த செல் குறையுது, எந்த மார்க்கர் வெட்டுப்படுதுன்னு தெரியும். மலிவான கொலாஜினேஸ்ல டிரிப்சின் மாதிரி மத்த புரோட்டியேஸும் கலந்திருக்கும், லாட்டுக்கு லாட் மாறும். புது பாட்டில் திறக்கும்போதெல்லாம் இந்த நாலு குழாயைத் திரும்பப் பண்ணி, லாட் எண்ணை மாதிரிப் பதிவேட்டுலயே எழுதிடுங்க.

ஜெயநகர்_தேன்மொழி | வெள்ளி, காலை 9:05

சனிக்கிழமை காலையிலேயே நாலு குழாயும் ஓட்டுகிறோம் அண்ணா. பழைய உறைந்த மாதிரிகளை டி செல் கேள்விக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நியூட்ரோஃபில் பற்றிய வரியை வரைவிலிருந்து எடுத்துவிட்டேன். அடுத்த நோயாளியிலிருந்து இடிடிஏ மேல்நீருக்குத் தனிக் குழாய், ஃபைக்கால் இல்லை, உறைய வைப்பது இல்லை. எண்டோஸ்கோபி பட்டியலில் காலை முதல் ஆளாக நம் நோயாளியைப் போடக் கேட்டிருக்கிறேன். எட்டு மணிக்குத் துண்டு கையில் வந்தால் காலை நெரிசலுக்கு முன்பே கிளம்பிவிடலாம்.